ஆகாயத்திற்குப் பட்ட கடன்

ஒரு தொழிலை நடத்திப் பொருளீட்டும் ஸ்தாபனம், அந்தத் தொழிலால் விளையும் நன்மைகளுக்கு உரிமை கொண்டாடுவது போலவே, அதனால் நேரும் கெடுதல்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கையை இன்று எந்த நாட்டிலும் யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. அந்தப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, எதைச் செய்தால் அது நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்ற கேள்விகள் எழும்போதுதான் அபிப்பிராய பேதங்கள் தலைதூக்குகின்றன. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ வரவோ லாபமோ உள்ள கம்பெனிகள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமுதாய நலனுக்குச் செலவிட வேண்டும் என்று விதிக்கிறது. கம்பெனி தன் வழக்கமான தொழிலை நடத்தும் போக்கில் செய்யும் காரியங்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டா என்றும் அதன் விதிகள் கூறுகின்றன. பள்ளிக்கூடம் கட்டுவதும், மருத்துவ முகாம் நடத்துவதும், மரக்கன்று நடுவதும் போற்றத்தக்க தர்மங்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும், தொழிலுக்கு வெளியே செய்யும் தர்மம் ஒன்று, தொழிலுக்குள்ளேயே ஆற்ற வேண்டிய கடமை வேறொன்று. முன்னது எவ்வளவு பெருகினாலும் பின்னதற்கு ஈடாகாது.

இந்த வேற்றுமை விமானக் கம்பெனிகளின் விஷயத்தில் துலங்குவது போல வேறெங்கும் துலங்குவதில்லை. மற்றத் தொழிற்சாலைகள் தங்கள் கழிவைத் தாங்கள் நிற்கும் மண்ணிலும், அருகே ஓடும் ஆற்றிலும் விடுகின்றன. ஆகவே அந்த ஊராராலும் அந்த நாட்டுச் சட்டத்தாலும் அவற்றைத் தட்டிக் கேட்க முடிகிறது. விமானமோ தன் கழிவைப் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஆகாயத்தில், பல சமயங்களில் எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலின் மேலே விட்டுச் செல்கிறது. 1997இல் கியோட்டோ நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டபோதும், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குப் பறக்கும் விமானங்களின் புகையை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்க வழி காணாமல், அதைக் குறைக்கும் பொறுப்பைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழியே நிறைவேற்றிக்கொள்ளுமாறு எழுதிவைத்தார்கள். இவ்விதம் ஒருவர் கணக்கிலும் ஏறாமல் நிற்கும் கடனை, அதைப் பட்டவர்களே முன்வந்து ஒப்புக்கொள்வதுதான் பொறுப்பின் முதற்படியாகும். கடனை ஒப்புக்கொள்வதற்கு முன் அதை அளந்தறிய வேண்டும். ஆதலின் இந்த அத்தியாயத்தில் அந்த அளவைப் பற்றியும், அதை அளப்பதில் ஒரு விமானக் கம்பெனி முப்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகளுக்குச் செய்துவரும் உதவியைப் பற்றியும் பார்ப்போம்.

எரிபொருளின் கணக்கு

ஜெட் விமானங்கள் எரிப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஓர் எண்ணெய். அதன் எடையில் ஏறக்குறைய 86 விழுக்காடு கரியும், எஞ்சியதில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஆகும். எரியும்போது ஒவ்வொரு கரியணுவும் காற்றிலுள்ள பிராணவாயுவின் இரண்டு அணுக்களோடு சேர்ந்து கரியமிலவாயுவாக மாறுகிறது. கரியணுவின் எடை 12 என்றும் பிராணவாயு அணுவின் எடை 16 என்றும் கொண்டால், 12 பங்கு கரி 44 பங்கு கரியமிலவாயுவாகிறது என்பது விளங்கும். எனவே ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயு பிறக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கணக்குகளில் ஒரு கிலோவுக்கு 3.16 கிலோ என்ற விகிதத்தைக் கையாள்கிறது. எரித்த பொருளை விட எழுந்த வாயுவின் எடை மிகுதியாக இருப்பதைக் கண்டு சிலர் திகைக்கலாம். அந்த மிகுதி முழுவதும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட பிராணவாயுவின் எடையே.

போயிங் 777 இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய விமானம், சமநிலையில் பறந்துகொண்டிருக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 7 டன் எரிபொருளைச் செலவழிக்கிறது. தோக்கியோவிலிருந்து சிட்னிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் ஆகிறது என்றால், அந்த ஒரு பிரயாணத்தில் 65 டன் அளவுக்கு எரிபொருள் எரிந்து, 200 டன்னுக்கு மேற்பட்ட கரியமிலவாயு வாயுமண்டலத்தில் கலக்கிறது. இப்படி உலகத்தின் விமானங்கள் எல்லாம் சேர்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கரியமிலவாயு 100 கோடி டன்னுக்குச் சற்று மேற்பட்டது. மனிதகுலம் அவ்வாண்டில் வெளியிட்ட மொத்தத்தில் இது சுமார் இரண்டரை விழுக்காடு. இரண்டரை விழுக்காடு தானே என்று அமைதியடைவதற்கில்லை. உலகத்து ஜனத்தொகையில் பெரும்பாலோர் ஓர் ஆண்டில் ஒரு தடவை கூட விமானத்தில் ஏறுவதில்லை. ஆகையால் இது ஒரு சிறு பகுதியினரின் பிரயாணத்திற்காக எல்லோருடைய தலையிலும் ஏறும் சுமையாகும். மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து எடுக்கலாம், மோட்டார் வண்டியை மின்கலத்தால் ஓட்டலாம். பெருங்கடலைக் கடக்கும் விமானத்திற்கு மட்டும், எடை குறைந்து சக்தி மிகுந்த அந்த எண்ணெய்க்கு நிகரான மாற்று எளிதில் கிட்டுவதாக இல்லை. மற்றத் துறைகளின் புகை குறையக் குறைய, விமானப் புகையின் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

வானத்து வெண்கோடுகள்

கரியமிலவாயு கணக்கின் ஒரு பகுதிதான். விமானத்தின் பின்னால் நீண்டு செல்லும் வெண்கோட்டைப் பார்த்து மகிழாத குழந்தை கிடையாது. ஆனால் அந்தக் கோட்டின் இயல்பை ஆராய்ந்தவர்கள் அதில் கவலைக்கிடமான விஷயங்களைக் கண்டிருக்கிறார்கள். ஒரு கிலோ எரிபொருள் எரியும்போது கரியமிலவாயுவோடு ஒன்றேகால் கிலோ அளவுக்கு நீராவியும் பிறக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்தப் புகை, பூஜ்யத்திற்குக் கீழே நாற்பது, ஐம்பது டிகிரி குளிர்ந்த மேலாகாயத்தோடு கலக்கும் கணத்தில், நீராவி புகைக்கரித் துகள்களின் மேல் நீராகப் படிந்து, உடனே உறைந்து பனித்துகள்களாகிறது. எந்த வெப்பநிலையில், எந்த ஈரத்தில் இது நிகழும் என்பதை 1941இல் ஜெர்மானியரான ஷ்மிட் என்பவரும், 1953இல் அமெரிக்கரான ஆப்பிள்மன் என்பவரும் கணித்து வகுத்த விதி இன்றும் வழக்கில் இருக்கிறது.

சுற்றியுள்ள காற்று உலர்ந்ததாக இருந்தால் இந்தக் கோடு சில நிமிஷங்களில் மறைந்துபோகும். காற்றில் பனி படிவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஈரம் நிறைந்திருந்தாலோ, கோடு மறையாமல் பல மணி நேரம் நின்று, அகன்று பரவி, மெல்லிய மேகமாகவே மாறிவிடும். பகலில் அம்மேகம் சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால் ஓரளவு குளிர்ச்சியும் உண்டாகிறது. இரவிலோ, பூமியிலிருந்து விண்வெளிக்குச் செல்ல வேண்டிய உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்துவது ஒன்றே அதன் செயல். இவற்றையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் விளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், பூமியின் வெப்பம் ஏறுவதில் விமானங்களின் பங்கு சுமார் மூன்றரை விழுக்காடு என்றும், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கரியமிலவாயு அல்லாதவற்றால் நேர்கிறது என்றும் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இங்கே நம்பிக்கை அளிக்கும் ஓர் உண்மையும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஜப்பானின் ஆகாயத்தில் ஆறு வாரங்கள் நிகழ்ந்த பறப்புகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வெண்கோடுகளால் ஏற்பட்ட வெப்பத்தில் 80 விழுக்காட்டிற்குக் காரணமாக இருந்தவை மொத்தப் பறப்புகளில் 2.2 விழுக்காடு மட்டுமே. நூற்றுக்கு இரண்டு விமானங்களுக்கும் குறைவானவற்றை 2,000 அடி மேலாகவோ கீழாகவோ பறக்கச் செய்திருந்தால், அந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம் என்றும், அதற்காக அதிகமாகச் செலவாகியிருக்கக் கூடிய எரிபொருள் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் மிகக் குறைவே என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். அவ்வாறாயின் ஏன் உடனே செய்யவில்லை என்று வாசகர் கேட்கலாம். எந்த உயரத்தில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் அந்த ஈரக் காற்று நிற்கிறது என்பதை முன்கூட்டியே சரியாகச் சொல்லத் தெரிந்தாலன்றி இந்தப் பரிகாரம் பயன்படாது. மேலாகாயத்தின் ஈரத்தைப் பற்றிய நம் அறிவோ இன்னும் நிறைவு பெறவில்லை. அந்த அறிவைத் தேடித் தரக்கூடியது, நாள்தோறும் அந்த ஆகாயத்திலேயே சஞ்சரிக்கும் பிரயாணி விமானம்தான். 1994 ஆகஸ்டு முதல் ஐரோப்பிய விமானக் கம்பெனிகளுக்குச் சொந்தமான ஐந்து ஏர்பஸ் ஏ340 விமானங்கள் மொசாயிக் என்ற திட்டத்தின் கீழ் ஓஸோனையும் நீராவியையும் அளந்துவந்ததன் பயனாகத்தான், அத்தகைய ஈரக் காற்று நாம் நினைத்ததை விட அடிக்கடி மேலாகாயத்தில் காணப்படுகிறது என்பது தெரியவந்தது.

சரக்கறையில் ஒரு பரிசோதனைச் சாலை

பூமியின் வாயுமண்டலத்தில் கரியமிலவாயு ஏறிவருகிறது என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிரூபித்தவர், சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1958இல் ஹவாய்த் தீவிலுள்ள மவுனா லோவா மலையின் மேல், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அவர் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. அவருக்குப் பின் உலகமெங்கும் அளவை நிலையங்கள் எழுந்தன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை நிலத்திலும் கடற்கரையிலும் இருந்தமையால், தரையில் பிறக்கும் வாயு எவ்வளவு உயரத்திற்கு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, காடுகளும் கடல்களும் எவ்வளவை உட்கொள்கின்றன என்ற கேள்விகளுக்கு அவற்றால் முழு விடை தர இயலவில்லை. ஆராய்ச்சிக்கென்றே விமானம் ஒன்றை அமர்த்தி மேலே அனுப்பலாம். ஆனால் அதற்காகும் செலவு பெரிது. ஆண்டில் சில நாட்கள் கிடைக்கும் அளவைகளைக் கொண்டு பருவந்தோறும் மாறும் ஆகாயத்தின் போக்கை அறிவது கடினம்.

இந்தக் குறையை நீக்க 1993இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் கம்பெனியும், ஸுகுபா நகரிலுள்ள அந்நாட்டு வானிலை ஆராய்ச்சி நிலையமும் கைகோத்துக்கொண்டன. ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் பிரயாணி விமானத்தில், பன்னிரண்டு குடுவைகள் கொண்ட ஒரு பெட்டியை வைத்து, மாதம் இரண்டு தடவை, வடகோளத்திலிருந்து தென்கோளம் வரை குறித்த அட்சரேகைகளைக் கடக்கும் போதெல்லாம் ஒவ்வொரு குடுவையிலும் வெளிக்காற்றை நிரப்பிக்கொண்டுவந்து சோதித்தார்கள். விமானம் தன் அட்டவணைப்படி பறந்தது. பிரயாணிகள் உறங்கினார்கள், உணவருந்தினார்கள். அவர்கள் காலடியில் இருந்த சரக்கறையில் பூமியின் இரு கோளங்களின் காற்றும் குடுவை குடுவையாகச் சேகரமாகிக்கொண்டிருந்தது.

2005 நவம்பரில் இம்முயற்சி கான்ட்ரெயில் என்ற பெயரில் விரிவடைந்தது. தேசியச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையமும் அதில் சேர, விமானச் சாதனங்கள் செய்யும் ஜாம்கோ கம்பெனி, பறந்துகொண்டிருக்கும்போதே இடைவிடாமல் கரியமிலவாயுவை அளக்கும் கருவியை உருவாக்கித் தந்தது. இரண்டு போயிங் 747-400 விமானங்களும் மூன்று 777-200இஆர் விமானங்களும் அதை ஏந்திச் செல்லத் தகுதி பெற்றன. பிரயாணிகள் செல்லும் விமானத்தில் ஓர் ஆணியைப் புதிதாக அடிப்பதானாலும் அதற்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். எனவே இக்கருவிக்கு ஜப்பானிய அதிகாரிகளிடமும் அமெரிக்க அதிகாரிகளிடமும் சான்று பெற வேண்டியிருந்தது.

அந்தக் கருவி செயற்படும் விதம் அறிந்துகொள்ளத்தக்கது. புகை கக்கும் விமானம் எப்படிச் சுத்தமான காற்றை அளக்க முடியும் என்ற ஐயம் முதலில் எழும். ஜெட் யந்திரத்தின் முன்பகுதி வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்குகிறது. அமுக்கிய காற்று, அதற்கு அப்பாலுள்ள எரியறையில்தான் எண்ணெயோடு கலந்து எரிகிறது. பிரயாணிகள் சுவாசிப்பதற்காக விமானத்துக்குள் செலுத்தப்படும் காற்று, எரியறைக்கு முன்னாலேயே பிரித்தெடுக்கப்படுவது. அக்காற்று பிரயாணிகளின் மூச்சோடு கலப்பதற்கு முன், வரும் குழாயிலேயே சிறிதளவை எடுத்துக் கருவிக்குள் விடுகிறார்கள். முதலில் ஈரம் நீக்கும் மருந்தின் வழியே சென்று உலர்ந்த பின், காற்று ஒரு சிறு அறைக்குள் நுழைகிறது. கரியமிலவாயு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை விழுங்கும் இயல்புடையது. அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அந்த ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு குறைந்து வந்து சேர்கிறது என்று பார்த்தால், வாயு எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். குளிராலும் அழுத்த மாறுதலாலும் கருவி பிழை காட்டக் கூடுமாகையால், அளவு நிச்சயமாகத் தெரிந்த வாயு அடைத்த இரு உருளைகளை உடன் வைத்து, குறித்த இடைவெளிகளில் அவற்றோடு ஒப்பிட்டுத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் 10 விநாடிக்கு ஒரு அளவும், சமநிலையில் பறக்கும்போது நிமிஷத்திற்கு ஒரு அளவும் பதிவாகின்றன. விமான நிலையத்தை நெருங்கி 2,000 அடி உயரத்திற்கு இறங்கியதும், ஓடுபாதையருகே உள்ள மாசு உள்ளே புகாதபடி கருவி நின்றுவிடுகிறது. பத்து லட்சத்தில் 0.2 பங்கு என்ற நுட்பம் வரை இக்கருவி பிழையின்றிக் காட்டுகிறது.

இந்த முயற்சியில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 2010 ஜனவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் கம்பெனி கடன் சுமை தாங்காமல் நீதிமன்றத்தை நாடியது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். 747 விமானங்கள் அனைத்தும் 2011இல் ஓய்வு பெற்றன. லாபம் தராத செலவுகளையெல்லாம் வெட்டித் தீர வேண்டிய அந்த நெருக்கடியிலும், 777 விமானங்களின் சரக்கறைகளில் இருந்த அந்தக் கருவிகளை இறக்கி வைக்கவில்லை. லாபம் பெருகிய ஆண்டில் கொடுப்பதும் சுருங்கிய ஆண்டில் நிறுத்துவதும் தானத்தின் இயல்பு; வறுமையிலும் விடாமல் செய்வதே கடமையின் இலக்கணம். விஞ்ஞானத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. ஏனெனில் ஆகாயத்தின் மாறுதலைக் காட்டும் அளவைகள் இடையே அறுந்துபோனால், இழந்த ஆண்டுகளை எவ்வளவு பொருள் கொடுத்தும் மீண்டும் பெற முடியாது.

தில்லி வயல்களும் சென்னைக்கு வரும் வழியும்

இவ்வளவு பாடுபட்டு அளந்ததனால் என்ன தெரிந்தது? 1997ஆம் ஆண்டு எல் நினோ என்ற கடல் வெப்ப மாறுதலால் மழை பொய்த்து, இந்தோனேசியக் காடுகளும் கரிச்சதுப்பு நிலங்களும் மாதக்கணக்கில் எரிந்தன. சிங்கப்பூரையும் மலேசியாவையும் புகைமூட்டம் சூழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறந்த பிரயாணி விமானத்தில் சேகரித்த காற்றை, 1993இலும் 1996இலும் அதே மாதத்தில் எடுத்த காற்றோடு ஒப்பிட்டபோது, காட்டுத்தீயின் வாயுக்கள் மேலாகாயம் வரை ஏறியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. தரையில் மனிதன் இட்ட தீயின் சுவடு, முகில்களுக்கு மேலேயும் எழுதப்பட்டிருந்தது.

தில்லியில் கண்டது இதனினும் வியப்புக்குரியது. தோக்கியோவிலிருந்து தில்லிக்கு வந்து போகும் விமானங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்நகரத்தின் மேலுள்ள காற்றைத் தரைக்கு அருகிலிருந்து உச்சி வரை அளந்துகொண்டே சென்றன. கோடிக்கணக்கான மக்களும் லட்சக்கணக்கான வண்டிகளும் நிறைந்த நகரத்தின் மேல், தரைக்கு அருகில் கரியமிலவாயு மிகுந்திருக்கும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை, பகல் நேரத்தில், தரையை நெருங்க நெருங்க அது குறைந்தே காணப்பட்டது. காரணத்தைத் தேடியவர்களுக்கு விடை நகரத்தைச் சூழ்ந்த வயல்களில் கிடைத்தது. அது சிந்து கங்கைச் சமவெளியில் கோதுமை முதலிய குளிர்காலப் பயிர்கள் செழித்து வளரும் பருவம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்த அந்தப் பசுமை, நகரத்தின் புகையையும் மீறிக் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அறுவடையாகி உணவாகும்போது அதில் பெரும்பகுதி மீண்டும் காற்றுக்கே திரும்பும் என்பதையும் மறத்தலாகாது. ஆனாலும் இந்திய உழவனின் வயல், உலகத்து வாயுமண்டலத்தின் வரவு செலவில் இவ்வளவு துலக்கமாக இடம்பெறுகிறது என்பதை அறிவித்தது ஜப்பானிய விமானத்தின் சரக்கறையில் இருந்த ஒரு பெட்டி.

தமிழகத்திற்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் லுஃப்தான்சா கம்பெனி, லெவர்கூஸன் என்ற பெயர் பூண்ட தன் ஏர்பஸ் ஏ340-600 விமானத்தில், ஒன்றரை டன் எடையுள்ள சரக்குக் கொள்கலன் ஒன்றைப் பல கருவிகளால் நிரப்பி, காரிபிக் என்ற திட்டத்திற்காக ஏற்றிச் சென்றது. 2008 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் அவ்விமானம் பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்கு வந்து சென்றபோது, தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த மாதங்களில் மேலாகாயத்தில் மீத்தேன் வாயு மிகுந்திருப்பதைக் கண்டார்கள். நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் கால்நடைகளிலும் பிறக்கும் மீத்தேனை, பருவமழையின் பெருமுகில்கள் தரையிலிருந்து வாரி எடுத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கொண்டு சேர்க்கின்றன; அங்கே சுழலும் பெருங்காற்று அதை வெகுநேரம் தன் வட்டத்திற்குள் வைத்திருக்கிறது. நமக்கு மழை கொண்டுவரும் காற்று, ஆசியாவின் வாயுக்களை உலகுக்கெல்லாம் பங்கிடும் வேலையையும் செய்கிறது என்பதற்கு இது பிரத்தியட்சமான சான்று. 2010இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பாவின் ஆகாயம் மூடப்பட்டபோது, சாம்பல் எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று நேரில் பார்த்துவர அதே விமானம் அனுப்பப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அளந்த பின் செய்ய வேண்டியது

அளப்பதால் மட்டும் கடன் தீராது என்பதை இந்த முயற்சிகளைப் போற்றுகிறவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கரியமிலவாயுவை அளக்கும் கருவியைச் சுமந்த அதே விமானம், சிட்னிக்குப் போய்ச் சேர்வதற்குள் 200 டன் கரியமிலவாயுவை வெளியிட்டுவிடுகிறது. ஆகையால் எரிபொருளைக் குறைப்பதும் மாற்றுவதுமே அடுத்த கடமை. யந்திரங்களை அவ்வப்போது நீரால் கழுவிச் சுத்தமாக வைப்பது, சரக்குக் கொள்கலன்களின் எடையைக் குறைப்பது, தரையில் நிற்கும்போது விமானத்தின் சிறு யந்திரத்தை ஓட்டாமல் விமான நிலையத்தின் மின்சாரத்தைப் பெறுவது ஆகியவை எல்லாம் பயனுள்ளவை, கம்பெனிக்கும் லாபமானவை. லாபமாக இருப்பதாலேயே அவற்றைப் பெரும் தியாகமாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

எரிபொருளை மாற்றும் முயற்சியில் உண்மையான செலவும் சிரமமும் உண்டு. 2009 ஜனவரி 30ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ், கமெலினா என்ற எண்ணெய் வித்து, காட்டாமணக்கு, பாசி ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்த எண்ணெயை வழக்கமான எரிபொருளோடு பாதிக்குப் பாதி கலந்து, ஒரு 747-300 விமானத்தின் நான்கு யந்திரங்களில் ஒன்றை மட்டும் அதனால் இயக்கி ஹனேடாவிலிருந்து பறந்து காட்டியது. 2021 பிப்ரவரியில், உடுத்துக் கழித்த இரண்டரை லட்சம் பருத்தி ஆடைகளிலிருந்து தயாரித்த எரிபொருளைக் கலந்து ஹனேடாவிலிருந்து புக்குவோக்காவுக்கு ஒரு விமானம் பிரயாணிகளோடு சென்றது. 2023 நவம்பர் 28ஆம் தேதி வர்ஜின் அட்லாண்டிக் கம்பெனியின் 787 விமானம், பாறையெண்ணெய் சிறிதும் கலவாத எரிபொருளால் லண்டனிலிருந்து நியூயார்க் சென்று சேர்ந்தது. காரியம் சாத்தியமே என்பதற்கு இவை நிரூபணங்கள். ஆனால் 2024ஆம் ஆண்டில் இத்தகைய எரிபொருளின் மொத்த உற்பத்தி பத்து லட்சம் டன் அளவே. உலகத்து விமானங்கள் எரித்த எண்ணெயில் அது ஆயிரத்தில் மூன்று பங்கு. எஞ்சிய 997 பங்கும் நிலத்தடியிலிருந்து தோண்டி எடுத்ததுதான்.

இந்த இடைவெளியை விளம்பரத்தால் மூடப் பார்ப்பது பெரும் பிழை. பிரயாணி சிறிது பணம் சேர்த்துக் கொடுத்தால் எங்கோ மரம் நட்டு அவருடைய புகையை ஈடு செய்துவிடுவோம் என்று விமானக் கம்பெனிகள் பல கூறிவந்தன. இன்று எரித்த எண்ணெயின் கரியமிலவாயு பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். நட்ட கன்றோ பிழைத்து, வளர்ந்து, தீயிலும் கோடரியிலும் சிக்காமல் அத்தனை காலமும் நின்றால்தான் ஈடாகும். 2024 மார்ச் 20ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கேஎல்எம் கம்பெனியின் இத்தகைய விளம்பரங்கள் பல, சுற்றுச்சூழல் நன்மையை மிகைப்படுத்தி மக்களைத் தவறான எண்ணத்திற்கு உட்படுத்துகின்றன என்று தீர்ப்பளித்தது. 2050ஆம் ஆண்டுக்குள் தங்கள் நிகரப் புகையைப் பூஜ்யமாக்குவதாக 2020இல் ஜப்பான் ஏர்லைன்ஸும், அதையே பொது லட்சியமாக 2022இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் அறிவித்திருக்கின்றன. லட்சியம் நல்லதே, அதை நோக்கி ஆண்டுதோறும் எத்தனை டன் குறைந்தது என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால்தான் அது மதிப்புப் பெறும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். தன்னால் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்வதே ஒரு ஸ்தாபனத்தின் உயர்ந்த சமுதாயப் பணி. பள்ளிக்கூடத்தை யாரும் கட்டலாம். பத்துக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றை நாள்தோறும் கண்டங்களுக்கு இடையே அளந்து வர விமானக் கம்பெனி ஒன்றாலேயே முடியும். ஆனால் உலகில் பறக்கும் பல்லாயிரம் விமானங்களில் இன்று கருவி ஏந்திச் செல்பவை விரல் விட்டு எண்ணத்தக்கவையே. லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ், கேதே பசிபிக், தைவானின் சைனா ஏர்லைன்ஸ் முதலிய சில கம்பெனிகள் இதற்கான ஐரோப்பியத் திட்டம் ஒன்றில் பங்கு கொண்டிருக்கின்றன. பருவக்காற்றின் முழு வலிமையும் வெளிப்படும் நம் ஆகாயத்தில் இரவும் பகலும் பறக்கும் இந்திய விமானங்களும் இப்பணியில் சேர வேண்டும். நம் வானிலை ஆராய்ச்சி நிலையங்கள் அதற்கு அவற்றை அழைக்க வேண்டும்.

வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. இனி விமானச் சீட்டு வாங்கும்போது, அந்தக் கம்பெனி நட்ட மரங்களின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம். சென்ற ஆண்டில் எரித்த எண்ணெய் எத்தனை டன், அதற்கு முந்தைய ஆண்டைவிட ஒரு பிரயாணிக்கு எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். ரயில் போகும் தூரத்திற்கு ரயிலில் போங்கள். கேட்பவர் பெருகினால்தான் கணக்கு வெளிவரும். கணக்கு வெளிவந்தால்தான் கடன் குறையும்.